நாலாவது பெல்ட்டும் போன பிறகுதான் நூல் கட்டினேன்

சத்துவாச்சாரியிலிருந்து:

பழைய மிலிட்டரி ஜீப்பை எழுப்பிக்கொண்டிருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று, என் ஃபேன் பெல்ட் அடிக்கடி தேய்ந்துபோன கதையை எழுதுகிறேன். என்னுடையது வில்லிஸ் எம்பி, இரண்டாம் உலகப் போர் காலத்து வண்டி. 134 கன அங்குல ‘கோ டெவில்’ எஞ்சின், நாலு சிலிண்டர், 60 குதிரைத்திறன். மாமனார் கம்மவான்பேட்டைக்காரர். அந்த ஊரை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். அவரும் பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். கைமாறிக் கைமாறி வந்த இந்த வண்டியை வாங்கித் தோட்டத்துப் புளியமரத்தடியில் போட்டிருந்தார். மாடு கட்டத்தான் உதவியது.

எஞ்சின் வேலை எட்டு மாதம் இழுத்தது. அதைச் சொல்லி நேரத்தை வீணடிக்கவில்லை. சிலிண்டர் போர், ரிங், பேரிங் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் குருவி கத்துவதுபோல ஒரு சத்தம். எஞ்சின் சுற்றும் க்ராங்க், வாட்டர் பம்ப், மின்சாரம் தரும் டைனமோ மூன்றின் புல்லிகளையும் (பெல்ட் ஓடும் பள்ளச் சக்கரங்கள்) சுற்றி ஓடுவது ஃபேன் பெல்ட். அது தளர்வு என்று நினைத்து டைனமோவை இழுத்து இறுக்கினேன். மூன்றாம் நாள் குருவி திரும்பி வந்தது. மறுபடி இறுக்கினேன். அப்புறம் பெல்ட்டை மாற்றினேன், கடைக்காரர் கொடுத்தது மட்டம் என்று வேறு கடையில் வாங்கினேன். ஒவ்வொரு பெல்ட்டிலும் ஒரே கதை: ஒரு பக்கச் சுவர் மட்டும் பளபளவென்று தேய்ந்திருக்கும், ரேடியேட்டரின் பின்பக்கம் கறுப்புப் பவுடர் அப்பியிருக்கும். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நாலாவது பெல்ட் பள்ளிகொண்டா தாண்டியதும் புரண்டு புல்லிப் பள்ளத்தைவிட்டு வெளியே வந்துவிட்டது. கத்திரி வெயில். இந்த எஞ்சினில் ஃபேனும் வாட்டர் பம்பும் ஒரே ஷாஃப்ட்டில் இருக்கின்றன, பெல்ட் போனால் இரண்டும் போச்சு. வண்டியை ஓரங்கட்டி, நுங்கு விற்பவரிடம் உட்கார்ந்து எஞ்சின் ஆறும்வரை நுங்கு சாப்பிட்டேன்.

மறுநாள் கொத்தனார் நூல் ஒன்றை எடுத்துக் க்ராங்க் புல்லியின் முகத்தில் ஒட்டிப் பிடித்து மேலே பம்ப் புல்லி வரை இழுத்தேன். நேராக இருந்தால் கீழே இரண்டு விளிம்பு, மேலே இரண்டு விளிம்பு என்று நாலு இடத்திலும் நூல் தொட வேண்டும். எனக்கோ பம்ப் புல்லி நூலை முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. அளந்தால் 4 மில்லிமீட்டர்.

இதில் என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பெல்ட் ஏதோ கோணலாக ஓடுகிறது என்று முன்பே கண்ணுக்குப் பட்டது. ஆனால் டைனமோ கையால் நகர்த்தக்கூடியது, போல்ட் இரண்டுதான். அதனால் பிராக்கெட்டில் வாஷர் வாஷராகச் சேர்த்து டைனமோவைப் பம்ப் புல்லிக்கு நேராகக் கொண்டுவந்திருந்தேன். அதாவது தப்பான ஆளுக்குச் சரியான ஆளை ஜோடி சேர்த்துவிட்டேன்! பம்புக்கும் டைனமோவுக்கும் நடுவில் பெல்ட் நேர், க்ராங்க்கிலிருந்து போகும் இரண்டு பக்கமும் கோணல்.

க்ராங்க் புல்லி சாவியில் (ஷாஃப்ட்டில் புல்லி வழுக்காமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) உட்கார்ந்து, ஹேண்டில் போட்டுச் சுற்றும் அந்தப் பெரிய நட்டால் இறுகியிருப்பது. அது கடைசிவரை உட்கார்ந்திருந்தால் அதை எங்கும் நகர்த்த முடியாது. அதிலிருந்துதான் அளவைத் தொடங்க வேண்டும். அடுத்து பம்ப், கடைசியில்தான் டைனமோ.

பம்ப் ஏன் 4 மில்லி வெளியே வந்தது? வெளியே கொடுத்து ரீபில்ட் செய்த பம்ப். புல்லி உட்காரும் ஹப்பை ஷாஃப்ட்டில் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு விரல்கூட நுழையவில்லை என்று எஞ்சினை இறக்கிய அன்றே பார்த்தேன். ரேடியேட்டர்தான் பின்னால் வந்துவிட்டது என்று அதன் மேல் பழி போட்டேன்.

வாஷர்களைக் கழற்றிவிட்டேன். ராணிப்பேட்டை லேத்தில் ஹப்பை உள்ளே அழுத்தி வாங்கினேன். இப்போது ஜவ்வாது மலை வரை போய்வந்தாகிவிட்டது, குருவி இல்லை.

குடியாத்தத்திலிருந்து:

அண்ணே, எனக்கும் இதே சத்தம். எஞ்சினைத் தாங்கும் ஃபவுண்டேஷன் ரப்பர் அமுங்கி எஞ்சின் இறங்கியிருக்கிறது, அதனால்தான் பெல்ட் கோணல் என்று எங்கள் மெக்கானிக் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?

ராணிப்பேட்டையிலிருந்து:

தம்பி, ரப்பர் அமுங்கினால் மாற்றுங்கள், ஆனால் பெல்ட்டுக்காக மாற்றாதீர்கள். க்ராங்க், பம்ப், டைனமோ மூன்றுமே எஞ்சினோடு சேர்ந்தவை. எஞ்சின் இறங்கினால் மூன்றும் சேர்ந்துதான் இறங்கும், அவற்றுக்குள் கோணல் வராது. ஃபேன் ரேடியேட்டர் கூண்டில் இடிக்கலாம், அது வேறு வியாதி.

நான் முப்பது வருஷமாக லேத்தில் நிற்பவன். சத்துவாச்சாரி சார் சொன்னதில் இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். முதலாவது, பம்பைப் பிரிக்கும் முன்பே ஹப்பின் முகத்திலிருந்து பம்ப் பாடி வரை எத்தனை மில்லி என்று வெர்னியர் அளவுகோலில் பார்த்து எழுதிவையுங்கள். பிரித்த பிறகு கேட்டால் பிரித்தவனுக்கே தெரியாது. ஹப்பை அழுத்தும்போது ஷாஃப்ட்டின் பின்முனைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பாடியைத் தாங்கலாக வைத்து அழுத்தினால் அத்தனை பாரமும் பேரிங் குண்டு வழியாகப் போகும். பம்ப் அன்றைக்கு நன்றாகச் சுற்றும், நாலு மாதத்தில் உறுமும்.

இரண்டாவது, முகத்துக்கு முகம் நூல் பிடிப்பது எல்லாப் புல்லியின் விளிம்பும் ஒரே தடிமனாக இருந்தால்தான் சரி. உங்களுக்கு அது அமைந்துவிட்டது. டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் மாட்டியவர்களுக்கு அமையாது. பெல்ட் ஓடுவது பள்ளத்தில், விளிம்பில் இல்லை. நான் செய்வது இது: பழைய பெல்ட்டில் இரண்டு விரல்கடை துண்டு வெட்டி, முதுகின் நடுவில் கோடு போட்டு, இரண்டு புல்லிப் பள்ளத்திலும் உட்கார வைப்பேன். கோட்டிலிருந்து கோட்டுக்கு நூல். க்ராங்க் புல்லி முகத்தில் ஒரு நேர்ச்சட்டத்தை ஒட்டிவைத்து, சட்டத்துக்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரண்டு முனையிலும் பார்ப்பேன். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். ஒரு அடி நீளத்துக்கு 1/16 அங்குலம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் பெல்ட் கடைக்காரருக்குத்தான் லாபம்.

திருப்பத்தூரிலிருந்து:

என்னுடையது ஜோங்கா. ஜபல்பூர் தொழிற்சாலையில் செய்த பட்டாள வண்டி, 3956 சிசி, ஆறு சிலிண்டர் நிசான் எஞ்சின். புல்லியெல்லாம் நூல் பிடித்தாற்போல் நேர், ஆனாலும் பெல்ட் தேய்ந்தது. கடைசியில் பார்த்தால் க்ராங்க் புல்லியே அவுட், அதாவது கோணி ஆடிக்கொண்டு சுற்றியது. முன்னால் வைத்திருந்தவர் கழற்றும்போது விளிம்பில் கடப்பாரை போட்டு நெம்பியிருக்கிறார் போல. வண்டியை நியூட்ரலில் போட்டு, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒரு கம்பியைப் புல்லி விளிம்புக்கு மயிரிழை விட்டுப் பிடித்துக் கையால் சுற்றிப் பாருங்கள். இடைவெளி விரிந்து சுருங்கினால் நூல் கட்டுவது வீண்.

சத்தத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி: ஸ்ப்ரே பாட்டிலால் பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள், கை ஃபேனுக்குத் தள்ளியே இருக்கட்டும். சத்தம் அடங்கிச் சற்று நேரத்தில் திரும்பினால் கோணலைத் தேடுங்கள். தண்ணீர் பட்டதும் கூடினால் தளர்வு.

சத்துவாச்சாரியிலிருந்து:

ராணிப்பேட்டை அண்ணாச்சி சொன்னதைக் கேட்டு வெர்னியரில் பார்த்தேன். என் டைனமோ புல்லி விளிம்பு ஒரு மில்லி தடிமன் அதிகம். ஒரு வாஷர் திரும்பப் போட்டிருக்கிறேன்.

மாமனாரிடம் இதெல்லாம் படித்துக் காட்டினேன். அவர் டைனமோவைத் தாங்கும் சட்டத்தைக் காட்டினார். ஆற்றில் இறங்கும் முன் அதைத் தூக்கிவிட்டால் பெல்ட் தளர்ந்து ஃபேன் நிற்குமாம், தண்ணீரை வாரி எஞ்சின் மேல் அடிக்காதாம். ‘பாலாற்றில் தண்ணி வரட்டும், காட்டுறேன்’ என்றார். நானும் காத்திருக்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து:

தண்ணீர் அடித்தேன். அடங்கி, திரும்பிவிட்டது. பழைய பெல்ட்டை வெட்டிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை நூல் கட்டப்போகிறேன். மெக்கானிக்கிடம் இன்னும் சொல்லவில்லை.