வார்டு அலுவலகத்தை எங்கே வைப்பது? நடுத்தெரு மாடியா, பேருந்து நிறுத்தமா?

கேட்பவர்: புது உதவியாளர்

வணக்கம். எங்கள் வார்டில் புதிதாகத் தேர்வான கவுன்சிலரிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வேலையே அலுவலகத்துக்கு இடம் பிடிப்பதுதான். மூன்று இடங்கள் பார்த்து வைத்திருக்கிறோம்.

ஒன்று, வார்டின் சரியான நடுவில், அமைதியான தெருவில் ஒரு வீட்டின் முதல் மாடி. வாடகை குறைவு, அறைகள் பெரியவை. இரண்டாவது, பிரதான சாலையில் பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய தரைத்தளம். இடம் சிறியது, சத்தம் அதிகம், வாடகையும் கூடுதல். அதோடு வார்டின் தெற்கு எல்லைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மூன்றாவது, கவுன்சிலருக்காகத் தேர்தலில் உழைத்த ஒருவர் தன் கட்டடத்தில் வாடகையே இல்லாமல் தருகிறேன் என்கிறார்.

நடுவில் இருப்பதுதான் எல்லாருக்கும் நியாயம் என்று நான் சொன்னேன். கவுன்சிலருக்கு இரண்டாவது இடத்தின் மேல் ஒரு கண். வடக்குப் பகுதி ஆட்கள் எங்களை ஒதுக்கிவிட்டீர்கள் என்பார்களே என்று எனக்குப் பயம். இந்த வேலையில் இருந்தவர்களும், இப்படி ஓர் அலுவலகத்துக்கு அலைந்தவர்களும் சொல்லுங்கள்.

பதில் 1: பழைய பதிவேடு

நான் 11 வருடம் ஒரு கவுன்சிலர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். வருபவர் பெயர், தெரு, புகார் எல்லாம் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதனால் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் ஆறு வருடம் எங்கள் அலுவலகம் இரண்டாவது மாடியில் இருந்தது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். தினமும் ஆட்கள் வந்தார்கள், நாங்களும் ஓடி ஓடி வேலை பார்த்தோம். வார்டு முழுக்க நம்மிடம் வருகிறது என்றே நினைத்திருந்தேன். அப்புறம் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று காலி செய்யச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு தரைத்தள இடத்துக்கு மாறினோம்.

மாறிய இரண்டாவது வாரம் ஓர் அம்மா கையில் பையோடு உள்ளே வந்தார். ஒரு வருடமாகத் தெருக்குழாயில் கழிவுநீர் கலந்து வருகிறது என்றார். முகவரி கேட்டேன். எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து மூன்று தெரு தள்ளித்தான் வீடு. ஏன் முன்பே வரவில்லை என்று கேட்டதற்கு, "இதை எப்போது திறந்தீர்கள்?" என்று கேட்டார். ஆறு வருடமாக அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேயே நடந்து போனவர் அவர்.

அன்றைக்கு இரவு பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினேன். திரும்பத் திரும்ப ஒரே கையெழுத்துகள். குடியிருப்போர் சங்கத் தலைவர், ஒப்பந்ததாரர், கட்சிக்காரர், ஓய்வுபெற்ற ஆண்கள். புது இடத்துப் பதிவேட்டில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளோடு தாய்மார்கள். பழைய இடத்துக்கு வராதவர்கள் யார் என்று பழைய பதிவேட்டைப் பார்த்து எப்படித் தெரியும்? அந்த ஆறு வருடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

ஆகவே இரண்டாவது இடத்தை எடுங்கள். நடு என்பது வரைபடத்துக்கு நடு. மக்கள் வேறு வேலையாகப் போகும் வழியில் எட்டிப்பார்க்கிற இடம்தான் அவர்களுக்குப் பக்கம்.

இடம் சிறியது என்றீர்கள். சிறியதாக இருக்கட்டும், ஆனால் கதவு சாத்தக்கூடிய ஒரு குட்டி அறை கட்டாயம் வேண்டும். சாக்கடை அடைப்பை எல்லார் முன்னாலும் சொல்வார்கள். கணவன் அடிக்கிறான், வீட்டைவிட்டு வெளியேற்றப் பார்க்கிறார்கள் என்பதை யாரும் வரிசையில் நின்று சொல்ல மாட்டார்கள். எங்கள் புது இடத்தில் அந்த அறை இல்லாமல் முதல் எட்டு மாதம் தவித்தோம். கடைசியில் பலகைத் தடுப்பு வைத்து ஓர் அறை பிரித்தோம். உட்கார நாற்காலி, குடிக்கத் தண்ணீர், கழிப்பறை மூன்றும் வருபவர்களுக்கும் சேர்த்துத்தான் என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு எட்டு மணி வரை திறந்து வையுங்கள். தினக்கூலிக்காரருக்குப் பகலில் உங்களைப் பார்க்க வருவது என்றால் ஒரு நாள் கூலி போச்சு.

இலவச இடம் வேண்டவே வேண்டாம். கொடுப்பவர் நல்லவராகவே இருக்கலாம். நாளைக்கு அவர் கட்டடத்து விதிமீறல் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுக்க எங்கே வருவார்? அவர் வீட்டு வாசலுக்கா? எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவரும் கூசாமல் நுழையக்கூடிய இடமாக இருக்க வேண்டும். அதனால் கட்சிக்கொடி, கட்சிப்படம் எதுவும் வாசலில் வைக்காதீர்கள்.

பதில் 2: நாலு சக்கரம்

நான் சக்கர நாற்காலியில் போகிறவன். முதல் மாடி என்றால் எனக்கு அந்த அலுவலகம் இல்லை, அவ்வளவுதான். 'கீழே வந்து மனுவை வாங்கிக்கொள்கிறோம்' என்பார்கள். ஓர் அலுவலகத்தில் எனக்கு அப்படித்தான் நடந்தது. என் உதவித்தொகை விஷயத்தை நடைபாதையில், போகிற வருகிறவர்கள் காதில் விழச் சொன்னேன். இரண்டாவது முறை போகவில்லை.

தரைத்தளம் என்றாலும் வாசற்படியை அளந்து பாருங்கள். சரிவுப்பாதைக்கு 1:12 என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதாவது 15 செ.மீ. உயரப் படிக்கு 180 செ.மீ. நீளச் சரிவு வேண்டும். ஒரு பலகையைச் சாய்த்து வைத்தால் ஆகாது. நாற்காலி திரும்ப உள்ளே சுமார் ஒன்றரை மீட்டர் வட்டம் காலியாக இருக்கட்டும். தயவுசெய்து எங்களுக்கென்று பின்வாசல் வைக்காதீர்கள்.

பதில் 3: வரைபடக்காரர்

நகரத் திட்டமிடல் படித்தவன் என்பதால் 'நடு' பற்றி மட்டும் சொல்கிறேன். ஒரே நீளச் சாலைதான் வார்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு வீடுகள். தெற்கு முனையில் அடுக்குமாடிகளில் எழுபது, மீதி முப்பது வடக்கே சிதறிக் கிடக்கின்றன. சாலையின் நடுவில் அலுவலகம் வைத்தால் எழுபது வீட்டாரும் நடக்க வேண்டும். வீடுகளைச் சரிபாதியாகப் பிரிக்கும் புள்ளியில் வைத்தால் எல்லாருடைய நடையையும் கூட்டிய மொத்தத் தூரம் மிகக் குறைவு. அந்தப் புள்ளி தெற்கில்தான் விழும். ஆனால் வடகோடியில் இருப்பவருக்கு அதுவே அநியாயமாகத் தெரியும், அவர் சொல்வதும் சரிதான். ஒரே இடத்தால் இரண்டு கணக்கையும் நேர் செய்ய முடியாது.

இதற்குப் பிரிட்டன் கவுன்சிலர்களின் வழக்கம் உதவும். அவர்களில் பெரும்பாலோருக்குத் தனி அலுவலகம் கிடையாது. நூலகத்திலோ சமூகக் கூடத்திலோ குறித்த நேரத்தில் உட்கார்ந்து மக்களைச் சந்திக்கிறார்கள். அதற்கு அங்கே 'சர்ஜரி' என்றே பெயர். நியூயார்க்கில் நேர்மாறு. நகர மன்றத்தின் 51 உறுப்பினர்களுக்கும் தொகுதிக்குள் அலுவலகம் உண்டு, ஒருவருக்குச் சுமார் 1,70,000 மக்கள். நீங்கள் இரண்டையும் கலந்து செய்யலாம். நிலையான அலுவலகம் தெற்கில், வாரம் ஒருமுறை வடக்கில் ஒரு மேசை.

இன்னொன்று, எல்லைக்கு ரொம்பப் பக்கம் என்றீர்களே, அதைக் கவனியுங்கள். வார்டு எல்லைகள் மாறும். நியூயார்க்கிலேயே 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பிறகு எல்லைகளை மாற்றி வரைந்து, 2023 தேர்தலை அந்தப் புது எல்லைகளில் நடத்தினார்கள். குத்தகையைப் பதவிக்காலத்துக்கு மேல் நீட்டாதீர்கள்.

பதில் 4: இரண்டு கதவு

எல்லாரும் வரக்கூடிய இடம் என்பதை நானும் ஆதரிக்கிறேன். உள்ளே உட்காருபவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரிட்டன் எம்.பி. ஜோ காக்ஸ் 2016இல் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன நூலகத்தின் அருகே கொல்லப்பட்டார். டேவிட் அமெஸ் 2021இல் ஒரு தேவாலயத்தில் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அதற்காக மாடியில் போய் ஒளிந்துகொள்ளச் சொல்லவில்லை. உங்கள் நாற்காலிக்குப் பின்னால் வெளியேற ஒரு கதவு இருக்கட்டும். தெருவிலிருந்து உள்ளே தெரியும்படி கண்ணாடி இருக்கட்டும். மாலை நேரத்தில் உதவியாளர் ஒருவரே தனியாக உட்கார வேண்டாம்.

கேட்டவர்: புது உதவியாளர்

எல்லாருக்கும் நன்றி. பழைய பதிவேடு ஐயா எழுதியதைப் படித்துவிட்டு நேற்று காலை ஏழிலிருந்து பத்து வரை அந்த நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். இறங்கி மாறுகிறவர்களில் எட்டுப் பேரிடம் எங்கே வீடு என்று விசாரித்தேன். ஐந்து பேர் வடக்குப் பகுதி! அங்கிருந்து நகருக்குள் போக இங்கேதான் பேருந்து மாற வேண்டுமாம். நடுத்தெருவுக்குப் போக அவர்களுக்குப் பேருந்தே கிடையாது. வரைபடத்தில் எனக்கு இது தெரியவே இல்லை.

வாசலில் இரண்டு படி, 32 செ.மீ. உயரம். அப்படியென்றால் சரிவுக்கு 384 செ.மீ. வேண்டும், நடைபாதையில் இடமில்லை. பக்கவாட்டுச் சந்து நீளமாக இருக்கிறது. அங்கே கட்டி, எல்லாருக்கும் பொது வாசலையே அந்தப் பக்கம் மாற்றிவிடலாமா என்று கட்டட உரிமையாளரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். பழைய வாசல் கண்ணாடியாகிறது. பின்கதவு ஏற்கனவே இருக்கிறது, துரு எடுக்க வேண்டும். இலவசமாகத் தருகிறேன் என்றவரிடம் கவுன்சிலரே பேசி மறுத்துவிட்டார்.

வடக்கு நூலகத்தில் சனிக்கிழமை ஒரு மேசை வேண்டும் என்று இன்று கடிதம் கொடுத்தேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.