முதல் ஏர் பிஸ்டல் வாங்க வேண்டும்: பழைய எல்பி10-ஆ, புதுசா? குண்டு எல்லாம் இடப்பக்கம் கீழே போகிறது

சிங்காநல்லூர்க்காரி

வணக்கம். கோவையில் ஒரு கிளப்பில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். இதுவரைக்கும் கிளப் துப்பாக்கிதான். சொந்தமாக ஒன்று வாங்க வீட்டில் ஒருவழியாகச் சம்மதம் வாங்கியாயிற்று. பட்ஜெட் ஒன்றரை லட்சம், ரொம்பப் பிடிவாதம் பிடித்தால் இன்னும் கொஞ்சம். வலது கைப் பழக்கம், 31 வயது, கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி உண்டு, கை ரொம்பச் சின்னது.

இப்போது மனதில் இருப்பவை மூன்று. கிளப்பில் ஒரு சீனியர் தன் பழைய ஸ்டைர் எல்பி10-ஐத் தருகிறேன் என்கிறார், விலையும் படிகிறது. அது வேண்டாமென்றால் புதிதாக ஹேமர்லி ஏபி20. அதுவும் இல்லை என்றால் இன்னும் சில மாதம் பணம் சேர்த்து எலக்ட்ரானிக் டிரிகர் வைத்த மொரீனி.

இதற்கு நடுவில் ஒரு தொல்லை. நான் சுடுவதெல்லாம் இடப்பக்கம் கீழே ஏழாம் வளையத்தில் கும்பலாக விழுகிறது. ரியர் சைட்டை (குறி பார்க்கிற பின்பக்கக் காடியை) திருகிச் சரி செய்தால், கும்பல் நடுவுக்கு வருகிறது. ஆனால் நிதானமாக விட்ட நல்ல குண்டு வலப்பக்கம் மேலே ஏறிவிடுகிறது. கிளப் துப்பாக்கியின் கிரிப் (கைப்பிடி) எனக்குப் பெரிது, டிரிகரை விரல் நுனிதான் தொடுகிறது. கோளாறு துப்பாக்கியிலா, என்னிடமா? துப்பாக்கி மாற்றினால் தீருமா?

என் தம்பி வேறு, "ஆறாயிரத்துக்கு சிஓ2 வாயுத் துப்பாக்கி ஆன்லைனில் கிடைக்கிறது, அதில் வீட்டிலேயே பழகு. இல்லாவிட்டால் நேராக தோட்டா போடுகிற பாயின்ட் டூ டூ (.22) வாங்கிவிடு" என்கிறான்.

பெல்லட் டப்பா

முதலில் தம்பியின் ஆறாயிரத்தை முடித்துவிடலாம். அந்த விலைக்கு வருபவை பெரும்பாலும் நிஜத் துப்பாக்கி மாதிரி உருவம் செய்து பிபி என்கிற சின்ன இரும்பு உருண்டை போடுகிறவை. இரும்பு குண்டு கெட்டியான இடத்தில் பட்டால் அப்படியே எகிறித் திரும்பி வரும், கண்ணுக்கு ஆபத்து. துல்லியமும் கிடையாது, டிரிகர் கட்டையாக இருக்கும். அதில் பழகினால் கெட்ட பழக்கம்தான் கையில் ஏறும். வீட்டில் பழக வேண்டியது ட்ரை, அதாவது குண்டு போடாமல் டிரிகரை மட்டும் அழுத்திப் பழகுவது, அதற்கு அந்தத் துப்பாக்கி எதற்கு?

அப்புறம் இடப்பக்கம் கீழே விஷயம். சைட்டை இனிமேல் தொடாதீர்கள். நல்ல குண்டு மேலே வலப்பக்கம் போகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், விடை அதிலேயே இருக்கிறது. சைட்டை முன்பிருந்த இடத்துக்குத் திருப்பி வைத்துவிட்டு, அதே துப்பாக்கியில் அதே பெல்லட்டை (ஈயக் குண்டை) உங்கள் கோச்சை ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். அவருக்கு நடுவில் விழுந்தால் துப்பாக்கி நிரபராதி.

பழைய கோச்

அம்மா, டப்பா சொன்ன சோதனையைச் செய்துவிட்டு வாருங்கள். அதுவரை நான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். எந்த மாடல் என்று கேட்பதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

10 மீட்டர் தாளில் பத்தாம் வளையம் 11.5 மி.மீ. அகலம்தான். குழல் முனையில் நிற்கிற ஃப்ரன்ட் சைட்டுக்கும் ரியர் சைட்டுக்கும் நடுவே இருக்கிற தூரம் இந்தத் துப்பாக்கிகளில் ஏறக்குறைய 33 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கை முழுதாக 5 மி.மீ. இடப்பக்கம் நகர்ந்தால் குண்டும் 5 மி.மீ.தான் நகரும், அது இன்னும் பத்தைத் தொடும். ஆனால் மணிக்கட்டு மடங்கி ஃப்ரன்ட் சைட் மட்டும் 1 மி.மீ. விலகினால், தாளில் அது 3 செ.மீ. ஆகிவிடும். நடுவிலிருந்து 3 செ.மீ. என்றால் ஏழாம் வளையத்தின் விளிம்பு, கறுப்பு வட்டம் முடிகிற இடம். உங்கள் கும்பல் விழுகிற இடமும் அதுதானே?

கை ஆடுவதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆட்டம் யாருக்கும் நிற்காது. கெடுப்பது டிரிகரை அழுத்துகிற அந்த நொடியில் சைட் கலைவது. விரல் நுனி மட்டும் எட்டினால் அழுத்தம் நேர் பின்னால் வராது. வலது கைக்காரருக்கு அது குழலை இடப்பக்கம் தள்ளும். கூடவே குண்டு கிளம்பப் போகிறது என்று மணிக்கட்டு முன்கூட்டியே தழைந்தால் கீழே. இரண்டும் சேர்ந்தால் இடப்பக்கம் கீழே. விரலின் முதல் கணுவின் நடுச்சதை டிரிகரில் படிய வேண்டும், விரல் கிரிப்பின் பக்கவாட்டில் உரசக் கூடாது. அது நடக்கிற துப்பாக்கிதான் உங்கள் துப்பாக்கி, பெயர் ஸ்டைரோ மொரீனியோ.

கிளப் துப்பாக்கியிலேயே டிரிகர் நாக்கைப் பின்னால் தள்ளலாம். கோச்சிடம் ஆலன் கீ இருக்கும். இரண்டு நிமிட வேலை. காசு கொடுக்கும் முன் இதைச் செய்து பாருங்கள்.

நெல்லைத் தம்பி

அக்கா, பாயின்ட் டூ டூ பற்றி நான் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடியது. 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் சக்தியும் உள்ள ஏர் பிஸ்டலுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். போட்டி ஏர் பிஸ்டல் எல்லாம் ஆறு ஜூல் பக்கம்தான் வரும். அடையாளச் சான்று கொடுத்து, பில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாயின்ட் டூ டூ அப்படியில்லை. அது முழுத் துப்பாக்கி, 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம், போலீஸ் விசாரணை, தோட்டா கணக்கு எல்லாம் உண்டு. வெளிநாட்டுப் போட்டித் துப்பாக்கியை இறக்குமதி செய்ய தேசிய ரைபிள் சங்கத்தின் தகுதி நிலைகள் வேறு. முதல் துப்பாக்கிக்கு அந்தப் பக்கமே போக வேண்டாம். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் பிடித்துப்போனால், பின்னால் கிளப்பிலேயே சுட்டுப் பழகலாம்.

2022-இல் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் சுட்டபோது எங்கள் தெருவே பிஸ்டல் வாங்கப் போகிறேன் என்றது. எத்தனை பேர் வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள்.

சிங்காநல்லூர்க்காரி

எல்லோருக்கும் நன்றி. சோதனை செய்துவிட்டேன். கோச் சுட்ட ஐந்தும் ஒன்பது, பத்து. துப்பாக்கி நிரபராதிதான்!

பிறகு டிரிகர் நாக்கைக் கடைசிவரை பின்னால் தள்ளினார். விரல் இப்போது முக்கால் பங்கு படிகிறது. இடப்பக்கம் போவது பாதி குறைந்தது, கீழே விழுவது அப்படியே இருக்கிறது. வெறும் ட்ரை செய்தபோது கோச் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "டிக் சத்தத்துக்கு முன்னாலேயே சைட் தலை குனியுது பாரும்மா" என்றார். நானும் பார்த்தேன், குனிகிறது.

அந்த எல்பி10-ஐயும் கையில் வாங்கிப் பார்த்தேன். கிரிப் எம் (நடுத்தர) அளவு, என் கைக்குக் கொஞ்சம் தொளதொள. சுட ரொம்பச் சுகமாக இருந்தது, கிளப் துப்பாக்கி மாதிரி உதறவில்லை. சிலிண்டரில் 2014 என்று அடித்திருக்கிறது. அது பிரச்சினையா?

பழைய கோச்

பிரச்சினைதான், ஆனால் தீர்க்கக் கூடியது. காற்றுச் சிலிண்டருக்குத் தயாரிப்பாளர் குறிப்பது பத்து வருஷ ஆயுள். தேதி தாண்டியதைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். அதில் 200 பார் அழுத்தக் காற்று நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம், முகத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சுடுகிற சாமான் அது. புதுச் சிலிண்டரின் விலையை விசாரித்து, அதைப் பேரத்தில் அப்படியே கழிக்கச் சொல்லுங்கள். சீனியர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். புதுச் சிலிண்டரைப் போட்டு, அழுத்தமானியில் முள் நிற்கிற இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை ஒரு ராத்திரி அப்படியே விடுங்கள். காலையில் முள் இறங்கியிருந்தால் சீல் கசிகிறது. சீல் மாற்றலாம், ஆனால் மாற்றத் தெரிந்தவர் ஊரில் இருக்க வேண்டும். அப்புறம் டிரிகர் எடை, அதாவது டிரிகர் விடத் தேவையான அழுத்தம். 500 கிராம் எடையை டிரிகரில் மாட்டி, குழல் வானத்தைப் பார்க்கிற மாதிரி மெதுவாகத் தூக்க வேண்டும். எடை தரையை விட்டு எழும்பியும் டிரிகர் விடக் கூடாது. போட்டியில் மூன்று முயற்சி தருவார்கள். பழைய துப்பாக்கியில் முன் சொந்தக்காரர் விளிம்பில் வைத்திருப்பார், கொஞ்சம் கூட்டி வைத்துவிடுங்கள்.

உதறாததற்குக் காரணம் உண்டு. எல்பி10-க்குள் பின்னுதைப்பை ஈடுகட்டுகிற ஒரு சின்ன எடை நகரும். அந்தச் சுகத்துக்காகத்தான் பழசானாலும் அதற்கு மதிப்பு.

வெள்ளைத்தாள்

கோச் சாருக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து. சிலிண்டர், கிரிப், சீல் என்று ஒவ்வொன்றாகக் கூட்டினால் பழசும் புதுசும் விலையில் கிட்ட வந்துவிடும். ஏபி20 புதுசு, எல்பி10-ஐ விட லேசு, சின்னக் கைக்கு லேசு முக்கியம். உத்தரவாதமும் இருக்கும். பளபளப்பு கம்மி, பின்னுதைப்பு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதானே. மாநிலப் போட்டிக்குத் தகுதி பெறுகிற வரைக்கும் அது யாரையும் தடுக்காது.

மொரீனியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். எலக்ட்ரானிக் டிரிகர் அருமைதான், கண்ணாடி உடைகிற மாதிரி சுத்தமாக விடும், ட்ரை செய்யவும் சுகம். ஆனால் மின்சுற்றில் ஏதாவது ஆனால் நம் ஊரில் உட்கார்ந்து சரிசெய்ய ஆள் தேட வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாகி நேரம் போனது நினைவிருக்கும். அங்கே உதவ ஆட்கள் இருந்தும் இறுதிக்குப் போக முடியவில்லை. பிறகு 2024 பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார், அது வேறு கதை.

பழைய கோச்

வெள்ளைத்தாள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் லேசு எப்போதும் நல்லது இல்லை. எடைக்கு உச்சவரம்பு 1500 கிராம், நல்ல துப்பாக்கிகள் ஒரு கிலோவை ஒட்டியே நிற்கின்றன. ரொம்ப லேசானது சீக்கிரம் ஆடும், டிரிகர் தவறை அப்படியே தாளில் காட்டும். 60 குண்டு, 75 நிமிடம் தூக்கப் போகிறவருக்குத் தோள் தானாகப் பழகிவிடும். கிளப்பிலேயே யாரிடமாவது ஏபி20 இருந்தால், அதில் நாற்பது குண்டு, எல்பி10-இல் நாற்பது குண்டு சுட்டுப் பாருங்கள். கடைசிப் பத்தில் எது தாழ்கிறது என்று கவனியுங்கள். முதல் பத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், முதல் பத்து எல்லாத் துப்பாக்கியிலும் நன்றாகத்தான் விழும்.

கீழே விழுவதற்கு மருந்து வெள்ளைத் தாள்தான் (பெயர்க்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம்). தாளைத் திருப்பி, கறுப்பு வட்டம் இல்லாத வெற்றுப் பக்கம் தெரிகிற மாதிரி மாட்டிச் சுடுங்கள். பார்க்க வட்டம் இல்லை என்றால் கண் ஃப்ரன்ட் சைட்டிலேயே நிற்கும். அதன் இரண்டு பக்கமும் வெளிச்சக் கோடு சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே அழுத்துங்கள். எப்போது வெடித்தது என்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்க வேண்டும். வட்டம் திரும்பி வந்த பிறகும் அது மங்கலாகத்தான் தெரிய வேண்டும்.

இன்னொன்று, பாரிஸ் ஒலிம்பிக்கில் யூசுஃப் டிகெச் என்கிற துருக்கிக்காரர் ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு சுட்டார் என்று உலகமே வியந்தது. ஏர் பிஸ்டலில் எல்லோரும் ஒரு கையால்தான் சுட வேண்டும், விதியே அதுதான். மற்ற கையைப் பையிலோ பெல்ட்டிலோ நிறுத்தினால் உடம்பு ஆடாது. உங்கள் இடது கை எங்கே இருக்கிறது என்று எழுதவில்லையே?

சிங்காநல்லூர்க்காரி

தொங்கிக்கொண்டிருந்தது சார். இப்போது பேன்ட் பையில்.

ஏபி20 ஒருவரிடம் கிடைத்தது. இரண்டையும் சுட்டேன். கடைசிப் பத்தில் ஏபி20 சிதறியது, எல்பி10 கீழே தாழ்ந்தது, ஆனால் கும்பலாகத் தாழ்ந்தது. சீனியரிடம் சிலிண்டர் விலையைக் கழிக்கச் சொன்னேன். முகம் சுளித்தார், ஆனால் ஒத்துக்கொண்டார். கிரிப்புக்கு என்ன செய்ய? புதிதாக எஸ் (சின்ன அளவு) வாங்குவதா, இருக்கிற எம்மைச் சீவுவதா?

பெல்லட் டப்பா

கும்பலாகத் தாழ்வது களைப்பு. சிதறல்தான் பயப்பட வேண்டியது. எல்பி10 எடுங்கள்.

கிரிப்புக்கு எஸ். உங்கள் சிக்கல் விரல் எட்டாதது. அதற்குக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற கவட்டை டிரிகருக்குப் பக்கத்தில் வர வேண்டும். எம்மில் அந்த இடத்தைச் சீவிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் மரம் தீர்ந்து உள்ளே இருக்கிற உலோகம் வந்துவிடும். எஸ்ஸில் எங்காவது தொளதொளவென்று இருந்தால் மரவேலைக்காரர்கள் வைக்கிற இரண்டு பாகப் புட்டியைக் குழைத்து அப்பி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே போர்த்தி, சுடுகிற மாதிரியே இறுக்கிப் பிடித்துக் காயவிடுங்கள். உங்கள் கை அச்சு அப்படியே விழும். காய்ந்த பிறகு உப்புத்தாள். கீழே உள்ளங்கைத் தட்டு கையை மேல்நோக்கி வளைத்துப் பிடிக்கக் கூடாது, கிரிப்பின் எந்தப் பாகமும் மணிக்கட்டைத் தாங்கக் கூடாது. மீறினால் சாமான் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்.

பெல்லட் தட்டைத் தலையாகவே வாங்குங்கள். 4.49, 4.50 என்று தலை அளவு போட்டிருக்கும், இரண்டிலும் ஒரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்த்து எது குறுகிய கும்பல் தருகிறதோ அதையே தொடருங்கள். ஈயம், ஆகையால் சுட்ட பிறகு கை கழுவாமல் டீ குடிக்கப் போக வேண்டாம்.

நெல்லைத் தம்பி

அக்கா, பழசு என்றாலும் சீனியரிடம் ஒரிஜினல் பில்லையும், உங்களுக்கு விற்றதாக ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்கள். துப்பாக்கியின் எண் இரண்டிலும் இருக்க வேண்டும். பஸ்ஸில் கொண்டு போகும்போது பெட்டிக்குள், குழலில் குண்டு இல்லை என்று காட்டுகிற சேஃப்டி கொடி, பில், கடிதம் இரண்டின் நகலும் பெட்டியிலேயே. செக்போஸ்ட்டில் திறக்கச் சொன்னால், திறக்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு அப்புறம் திறந்து காட்டுங்கள்.