முக்குளிப்பான் மூடி வைத்த முட்டைகள்

போன வாரம் அம்மாவோடு ஒரு ஏரிக்கரைச் சரணாலயத்துக்குப் போயிருந்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் மேடு பள்ளம் இல்லாத, போய்வர 2 கிலோமீட்டர் மட்டுமே உள்ள பாதையாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். விடிந்து அரை மணி நேரத்தில் கிழக்குக் கரையில் நடக்கத் தொடங்கினோம். காலையில் அந்தக் கரையில் இருந்தால் வெயில் முதுகில் விழும். எதிர்வெயிலில் நின்றால் தண்ணீரில் இருக்கும் பறவையெல்லாம் வெறும் கறுப்பாகத்தான் தெரியும், நிறம் பிடிபடாது.

முதல் அரை கிலோமீட்டரைக் கெடுத்தது நான்தான். மெர்லின் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்கிற குரலுக்கெல்லாம் பெயர் பார்த்தபடியே நடந்தேன். பெயர்கள் திரையில் வந்தன, ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. அப்புறம் அம்மா ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "நீ போயிட்டு வாம்மா, நான் இங்கேயே இருக்கேன்" என்றார். தனியாக விட மனமில்லாமல் நானும் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம்தான், கரையே வேறு மாதிரி ஆகிவிட்டது. எதிரே பட்டுப்போன கிளையில் ஒரு நீர்க்காகம் வந்து சிறகை விரித்துக் காயவைத்தது. (அதன் சிறகு வாத்துச் சிறகைப் போல் இல்லை, தண்ணீரில் நனைந்துவிடும். ஆழத்தில் மூழ்கி மீன் பிடிக்க அதுவே வசதி.) அதை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா என் கையைத் தட்டி, "அங்க பாரு, அந்தப் பாசிக் குவியல்ல இருந்து என்னமோ தண்ணிக்குள்ள போச்சு" என்றார்.

பைனாகுலரில் பார்த்தால் அது முக்குளிப்பான் என்ற சின்ன நீர்ப்பறவையின் மிதக்கும் கூடு! கொஞ்ச நேரத்தில் பறவை திரும்பி வந்து ஏறியது, ஈரப் பாசியை அலகால் ஒவ்வொன்றாக விலக்கியது, உள்ளே நான்கு முட்டைகள். இட்டபோது வெள்ளையாக இருக்கும் முட்டை, பாசிக் கறை ஏறிப் பழுப்பாகியிருந்தது. நான் மூச்சுவிடக்கூட பயந்துகொண்டு பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் கேமராவோடு நீர் விளிம்பு வரை இறங்கிவிட்டார்கள். பறவை பதறிப்போய் நாலைந்து இழுப்பில் பாசியை முட்டைகள் மேல் போட்டு மூடிவிட்டு முங்கிவிட்டது. காகம் போன்ற எதிரிகளின் கண்ணிலிருந்து மறைக்கத்தான் இந்த ஏற்பாடு, ஆனால் நாம் நெடுநேரம் அங்கேயே நின்றால் அது வந்து அடைகாக்க முடியாது, முட்டை குளிர்ந்துபோகும். எழுந்து போய் மெதுவாகச் சொன்னேன். அவர்களுக்குக் கூடு இருப்பதே தெரியவில்லை, உடனே பின்வாங்கி எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பறவை திரும்பி வர 7 நிமிடம் ஆனது. அந்த 7 நிமிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திரும்பும் வழியில் பருந்து போன்ற ஒரு விராலடிப்பான் கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழுந்ததையும் பார்த்தோம். இரண்டு முறை வெறுங்காலோடு எழுந்தது, மூன்றாவது முறை மீன். பறக்கும்போதே மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டது, காற்று தடுக்காமல் இருக்க அப்படிச் செய்யும். ஆனாலும் வீடு வரும்வரை அம்மா பேசியது முக்குளிப்பானைப் பற்றித்தான்.

முட்டை பொரிய மூன்று வாரம் வரை ஆகும். குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்யும் என்று சொன்னதிலிருந்து அம்மா நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். உங்களில் யாராவது அதை நேரில் பார்த்திருக்கிறீர்களா? எவ்வளவு தூரத்தில் இருந்து பார்த்தால் அவை கலையாமல் இருந்தன என்று சொல்லுங்கள், அதே இடத்தில் உட்காரலாமா, இன்னும் பின்னால் தள்ளி உட்காரலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.