புதுப்பிப்பு: வால் அரித்த ஃபைட்டர் மீன் தேறி வருகிறான்

வால் ஓரம் கறுத்து அரித்துக்கொண்டே போன என் நீல ஃபைட்டர் மீனைப் பற்றி இங்கே முன்பு எழுதி, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். வியாசர்பாடியில் விடாத மழை, வீட்டில் மருந்தும் இல்லை, தொட்டிக்கு ஹீட்டரும் இல்லை. இப்போது அரிப்பு நின்றுவிட்டது! வால் நுனியில் கண்ணாடி மாதிரி மெல்லிய சவ்வு தெரிகிறது. அது புதிதாக வளரும் துடுப்பு.

நீங்கள் சொன்னபடி முழுக் கவனமும் தண்ணீரில்தான். மெட்ரோ வாட்டரை அகலமான பேசினில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போனபின் தொட்டித் தண்ணீரில் தினமும் கால் பங்கு மாற்றினேன். அயோடின் சேர்க்காத கல்லுப்பு, 4 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன். தனியாகக் கரைத்துத்தான் ஊற்ற வேண்டும். அப்புறம் மாற்றுகிற தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கு, இல்லாவிட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். 10 நாளுக்கு மேல் நீட்டவும் கூடாது. தெருவில் உதிர்ந்த காய்ந்த பாதாம் இலையைக் கழுவிப் போட்டேன், தண்ணீர் பழுப்பானது. அது கெடுதல் இல்லை.

கொளத்தூர் மீன் கடைகளில் மெத்திலீன் ப்ளூ என்ற மீன் மருந்தை வாங்கச் சொன்ன தம்பிக்கு நன்றி. இப்போதைக்குத் தேவைப்படவில்லை. மறுபடி கறுத்தால் உடனே போவேன். இன்று விரலைக் கண்டதும் மேலே வந்து தீனி தின்றான், அவ்வளவு சந்தோஷம். ராத்திரிக் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் என்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.