இண்டக்‌ஷன் ஃபர்னஸ் பேக் ஃபில்டர்: பாலியெஸ்டரா, நோமெக்ஸா?

குறிச்சிக்காரன்: கோவையில் சின்ன ஃபவுண்டரி, மின்சாரத்தில் உலோகம் உருக்கும் அரை டன் இண்டக்‌ஷன் ஃபர்னஸ். அதன் புகையை வடிகட்டும் பேக் ஃபில்டரில் போன வருடம் போட்ட பாலியெஸ்டர் துணிப் பைகள் எட்டே மாதத்தில் ஓட்டை. சப்ளையர் அதிக வெப்பம் தாங்கும் நோமெக்ஸ் துணி போடச் சொல்கிறார், விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பழைய மேஸ்திரி: பைக்குள் போகும் புகையின் வெப்பத்தை அளந்தீர்களா தம்பி? பாலியெஸ்டர் தொடர்ந்து 130 டிகிரி வரை தாங்கும், நோமெக்ஸ் 200 வரை. ஆனால் ஓட்டை குண்டூசித் தலை அளவில், ஓரம் கருகி இருந்தால் அது தீப்பொறி செய்த வேலை, நோமெக்ஸும் தப்பாது.

குறிச்சிக்காரன்: ஓரம் கருகித்தான் இருக்கிறது அண்ணா. வெப்பம் 90ஐத் தாண்டியதில்லை.

பழைய மேஸ்திரி: அப்புறம் எதற்கு நோமெக்ஸ்? பைக்கு முன்னால் தீப்பொறியைத் தடுக்கும் ஸ்பார்க் அரெஸ்டர் வையுங்கள்.

உருக்குப்பட்டறை: ஸ்கிராப்பில் கால்வனைஸ்டு தகடு, அதாவது துத்தநாகம் பூசியது, விழுகிறதா? துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாகக் கிளம்பும், அந்த மாவு சாதாரணத் துணிக்குள் இறங்கிவிட்டால் பையை உதற எத்தனை முறை காற்று பல்ஸ் அடித்தாலும் உதிராது, எங்களிடம் புகை ஹூடை விட்டு வெளியே வழிந்தபோதுதான் புரிந்தது. மேலே பிடிஎஃப்இ (டெஃப்லான்) மெம்பரேன் என்ற மெல்லிய படலம் ஒட்டிய பாலியெஸ்டர் போட்டோம், சரியாகிவிட்டது.

குறிச்சிக்காரன்: விழுகிறது, பழைய கூரைத் தகடுதான் பாதி.