டீசல் முள் பொய் சொன்னால் முதலில் எங்கே பார்ப்பீர்கள்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

லோடு வண்டிக்காரன், ஒட்டன்சத்திரம்:

ஒட்டன்சத்திரத்திலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றுகிற டீசல் பிக்கப் நம்முடையது. டேங்க் நிரப்பினால் முள் ஃபுல் காட்டும், பாதி வரைக்கும் ஒழுங்காக இறங்கும், அப்புறம் சட்டென்று ஜீரோவுக்கு விழும், ஒரு குழியில் இறங்கி ஏறினால் திரும்பக் கால் டேங்குக்கு வந்து நிற்கும். வண்டி ஓட்டுகிற மச்சானுக்கு இது பழகிப்போய், ஜீரோ காட்டினாலும் "சும்மா விழுந்திருக்கும்" என்று போய்க்கொண்டே இருப்பான். ஒருநாள் விடியற்காலையில் உடுமலை தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அன்றைக்கு முள் காட்டியது நிஜம். டீசல் வண்டிக்கு கேனில் வாங்கி ஊற்றினால் மட்டும் போதாதே! லைனில் ஏர் புகுந்திருக்கும். ஃபில்டர் பக்கத்தில் இருக்கிற கைப்பம்பை அமுக்கி, ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நின்று வெறும் டீசலாக வருகிற வரைக்கும் எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் ஆனது. தக்காளி போய்ச் சேர்ந்தபோது வியாபாரமே முடிந்துவிட்டது.

கடையில் கேட்டால் "மீட்டரையே மாத்திடலாம்ணே" என்றார்கள். அது பெரிய செலவு, அதனால் முதலில் எது போயிருக்கிறது என்று பார்ப்போம் என்று நானே உட்கார்ந்தேன். சாவியை ஆன் செய்துவிட்டு டேங்க் மேலே வயர்கள் சேருகிற கப்ளரைக் கழற்றினேன், முள் ஜீரோவில் நின்றது. கப்ளரில் வருகிற இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் லேசாகத் தொட வைத்தேன், முள் மெதுவாக ஏறி ஃபுல்லுக்குப் போனது. அவ்வளவுதான், மீட்டரும் நல்லது, வயரும் நல்லது, கோளாறு டேங்குக்குள்ளே. (டிஜிட்டல் மீட்டர் வண்டியில் இப்படி நேரடியாகத் தொட வைக்காதீர்கள்.)

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டேங்க் மேலே அப்பியிருந்த சேற்றை ஏர் அடித்துச் சுத்தம் செய்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைத்தேன், இல்லையென்றால் மண் பூராவும் உள்ளே விழும். டீசல் மட்டத்தோடு ஏறி இறங்குகிற மிதவையான ஃப்ளோட்டை வெளியே எடுத்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் (மின்தடை) வைத்துக் கையால் மெல்லத் தூக்கிப் பார்த்தேன். மேல்பாதியில் எண் வழவழவென்று மாறுகிறது, நடுவுக்குக் கீழே வந்ததும் ஒரு இடத்தில் ரீடிங்கே இல்லை. அந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தால், ஃப்ளோட்டோடு நகருகிற பித்தளை நாக்கு உரசி உரசி, அது ஓடுகிற மின்தடைத் தடத்தில் முடி மாதிரி ஒரு பள்ளம். கால் டேங்க், அரை டேங்க் என்றே ஓட்டுகிற வண்டியில் அந்த இடம்தானே தேயும். புது ஃப்ளோட்டும் கேஸ்கெட்டும் போட்டேன், சரியாகிவிட்டது. மாட்டும்போது ஃப்ளோட் கம்பி சக்‌ஷன் பைப்பில் இடிக்காமல் ஏறி இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஆட்டோ எலக்ட்ரிக், காங்கேயம்:

அண்ணே, நீங்கள் பார்த்த வரிசை சரிதான். ஆனால் டேங்கைத் திறப்பதற்கு முன்னால் எர்த்தையும், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற இணைப்பையும், பார்த்துவிட வேண்டும். எங்களிடம் வருகிற லோடு வண்டிகளில் ஃப்ளோட்டைவிட எர்த் கோளாறுதான் அதிகம். டேங்க் எர்த்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் ஓம்ஸ் வையுங்கள், கிட்டத்தட்ட ஜீரோ வர வேண்டும். வரவில்லையா, சேஸில் பெயின்ட்டைச் சுரண்டித் தனியாக ஒரு வயர் போடுங்கள், வேலை முடிந்தது. ஹெட்லைட் போட்டதும் முள் ஆடினால் முதலில் மீட்டர் எர்த்தைப் பாருங்கள். பழைய வண்டியில் டீசல் முள்ளும் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற ஹீட் முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டினால் மீட்டர் பின்னால் இருக்கிற வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். சிலர் அந்தப் பித்தளை நாக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் வளைத்துத் தேயாத இடத்தில் ஓட விடுவார்கள். அவசரத்துக்கு ஓடும், நான் செய்து கொடுக்க மாட்டேன்.

மிச்சிகன் தமிழன்:

இங்கே என் பழைய பெட்ரோல் பிக்கப்பில் கதை தலைகீழ். டேங்க் காலியானாலும் முள் ஃபுல்லைத் தாண்டிப் போய் நிற்கும். பழைய அமெரிக்க வண்டிகள் பலவற்றில் காலிக்கு 0 ஓம், ஃபுல்லுக்கு 90 ஓம், அதனால் வயர் அறுந்தாலோ எர்த் துருப்பிடித்தாலோ ஓம் ஏறி, டேங்க் நிறைந்த மாதிரி காட்டும். அண்ணன் வண்டியாவது காலி என்று பயமுறுத்துகிறது, இது நிறைய இருக்கிறது என்று சொல்லி நடுரோட்டில் விட்டுவிடும். டேங்கை இறக்காமல் பின்னால் சரக்கு ஏற்றுகிற தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, பெட்ரோல் ஊற்றுகிற வாயையும் டெயில்லைட் கப்ளரையும் விடுவித்து, நண்பர்களோடு தூக்கி நகர்த்தினோம். பனிக்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிற ஊர் இது, எர்த் வயர் உள்ளே பச்சையாகப் பொடிந்திருந்தது. வெட்டி, புது வயர் ஒட்டி, சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கிற ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டதோடு சரி. பெட்ரோல் வண்டிக்காரர்கள் இதையெல்லாம் திறந்த வெளியில் செய்யுங்கள், வெளிச்சத்துக்குத் தொங்கவிடுகிற குண்டு பல்பு வேண்டாம்.