சைபர் செக்யூரிட்டி படிக்க வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து எழுதுகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் வருஷம். அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. போன வருஷம் பேங்கிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒருவன் அவரிடம் ஓடிபி வாங்கி, சீட்டு எடுத்த பணம் முழுவதையும் வழித்துவிட்டான். உடனே 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்பது எங்களுக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றைக்கே இந்தப் படிப்புதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம்) பழக, ஓவர்தவயர் தளத்தில் பாண்டிட் என்ற விளையாட்டு விளையாடுகிறேன். ஒவ்வொரு நிலையிலும் ஒளித்து வைத்த பாஸ்வேர்டைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த நிலைக்குப் போக முடியும். ஒரு நிலையில் ஒரே ஃபைலைத் திரும்பத் திரும்பச் சுருக்கி வைத்திருந்தார்கள். ஜிசிப், பிசிப்2, டார் என்று மாற்றி மாற்றிப் பிரித்து, கடைசியில் பாஸ்வேர்ட் கண்ணில் பட்டபோது இரவு மணி இரண்டு. அப்பாவும் தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆனால் நெட்வொர்க்கிங்கில் தடுமாறுகிறேன். நெட்வொர்க்கில் போய் வரும் டேட்டாவைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தால் பாதிதான் புரிகிறது. முதலில் சிசிஎன்ஏ என்ற நெட்வொர்க்கிங் சான்றிதழின் பாடங்களைப் படிக்கட்டுமா, நேராக செக்யூரிட்டி பிளஸ் என்ற சைபர் செக்யூரிட்டி சான்றிதழுக்குப் போகலாமா? கோச்சிங்குக்குப் பணம் கட்ட வழியில்லை, ஐஐடி பேராசிரியர்கள் எடுக்கும் என்பிடெல் இலவச ஆன்லைன் வகுப்புகள் போதுமா? அப்புறம், என் லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான். செக்யூரிட்டி சோதனைக்கான காளி லினக்ஸை விர்ச்சுவல்பாக்ஸில் (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு சிஸ்டத்தை ஓட்டும் மென்பொருள்) போட்டால் திணறுகிறது, பென்டிரைவில் இருந்தே ஓட்டலாமா? சேலத்தில் இந்தத் துறையில் இருக்கும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து கேட்டுக்கொள்கிறேன்.